ஆங்கிலேயக் கிராமத்து மாளிகைக் கொலைக் கதை: எழுத உட்காருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊருக்கு ஒதுக்கமாக ஒரு மாளிகை, பணக்காரக் குடும்பம், வார இறுதிக்கு வந்த விருந்தாளிகள், விடிந்ததும் நூலக அறையில் ஒரு பிணம். இந்த வகைக் கதையைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கொலையில் அல்ல. அந்த வீட்டு நடைமுறையிலும் அந்த நாட்டுச் சட்டத்திலும்தான். கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்தில் 1920 முதல் 1939 வரை நடக்கும் கதைகளுக்கானவை.

இதற்கு முன்மாதிரியாக நிஜ வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. வில்ட்ஷையர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் இருந்த ரோடு ஹில் இல்லம். 1860 ஜூன் 29 இரவு அந்த வீட்டில் 12 பேர் உறங்கப் போனார்கள்: கென்ட் குடும்பத்தார் 9 பேர், வேலைக்காரப் பெண்கள் 3 பேர். காலையில் நான்கு வயது நிரம்பாத சேவில் கென்ட்டைக் காணவில்லை. தோட்டத்துக் கழிப்பறையில் கழுத்து அறுபட்ட உடல் கிடைத்தது. வரவேற்பறைச் சன்னல் திறந்திருந்தது, ஆனால் வெளியாள் நுழைந்ததற்கு அடையாளம் இல்லை. அப்படியானால் செய்தவர் வீட்டுக்குள் இருக்கிறார். பின்னாளில் ஒரு கதை வகையே எழுந்தது இந்த ஒரு நினைப்பின் மேல்தான்.

லண்டன் காவல்துறையின் தலைமையிடமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து துப்பறிவாளர் ஜோனதன் விச்சர் வந்தது இரண்டு வாரம் கழித்து. அவர் பிடித்த துப்பு மூத்த தாரத்து மகள், 16 வயது கான்ஸ்டன்ஸின் இரவு உடை. மூன்று இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தன. சலவைக்குப் போட்ட உடை சலவைக்காரியிடம் போய்ச் சேரவில்லை. சலவைக் கூடையைக் கட்டும்போது கான்ஸ்டன்ஸ் வந்து, உள்பாவாடைப் பையில் தன் பணப்பை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள். அடுத்து ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கிறாள். பணிப்பெண் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், கணக்கில் ஏறிவிட்ட நல்ல உடையைக் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டாள், இரத்தம் பட்ட உடையின் இழப்பு சலவைக்காரி தலையில் விழட்டும் என்று திட்டமிட்டாள் என்பது விச்சரின் ஊகம். ஆதாரம் போதாமல் அவள் விடுதலையானாள். 1865-இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1885-இல் வெளியே வந்தாள். துணிக் கணக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும் எவ்வளவு பெரிய தடயம் என்பதை இந்த வழக்கில் படியுங்கள்.

எதை முதலில் எழுதுவது? கொலையாளியையா, கொலை முறையையா?

இரண்டையும் அல்ல. முதலில் உயிலை எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில், எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் முழுமையாக. இரண்டாவது, வீட்டின் கடிகாரம்: மாலை 4 முதல் மறுநாள் காலை 9 வரை, கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொருவரும் எங்கே இருந்தார், அதை யார் பார்த்தார் என்று நிரப்புங்கள். மூன்றாவது, தரைத்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி வரைபடம். இந்த மூன்று தாளும் தயாரான பிறகு கொலையாளியைத் தேர்ந்தெடுத்தால், உயில் அவருக்குக் காரணம் கொடுக்கும், கடிகாரம் வாய்ப்புக் கொடுக்கும், வரைபடம் வழி கொடுக்கும். தலைகீழாகச் செய்தால், பாதிக் கதையில் சமையல்காரியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் காரணமில்லாமல் நகர்த்த வேண்டி வரும். வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

உயில் சட்டத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

1837-ஆம் ஆண்டு உயில் சட்டம் உங்கள் கதைக்கு எந்தக் கத்தியை விடவும் பயன்படும். எழுதியவர் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் அருகில் இருக்க வேண்டும். ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் போட்டால் உயில் செல்லாது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் கொடுத்தது கிடைக்காது; உயிலின் மற்றப் பகுதி நிற்கும். வேலையாட்களின் தலைவரான பட்லருக்கு 500 பவுண்டு எழுதிவைத்து, அதே பட்லரைச் சாட்சியாக நிறுத்தும் கதைகள் ஏராளம். தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்து செய்தால் அருமையான முடிச்சு.

திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும். 1926 முதல், குறிப்பிட்ட ஒரு திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக உயிலிலேயே சொல்லியிருந்தால் அது தப்பும். அறுபது வயதுச் சீமான் திடீரென்று ரகசியமாக மணந்துகொண்டால் பிள்ளைகளுக்கு இருந்த பழைய உயில் அன்றே செத்துப்போகிறது. அவர்களில் ஒருவருக்கு மட்டும் அந்தத் திருமணம் தெரியும் என்று வையுங்கள். பாதிக் கதை எழுதியாகிவிட்டது.

உயிலைக் கணப்பில் எரிப்பது பிரபலமான காட்சி. ஆனால் எழுதியவர், ரத்து செய்யும் எண்ணத்தோடு, தானே எரிக்க வேண்டும். அல்லது அவர் சொல்லி, அவர் கண் முன்னால் எரிக்க வேண்டும். மருமகன் திருடி எரித்தால் உயில் ரத்தாகாது. வக்கீலிடம் இருக்கும் நகலை வைத்து அதை நிரூபிக்கலாம்.

இன்னொரு தவறு, ‘மூத்தவனுக்கு ஒரு காசு தரமாட்டேன்’ என்று தந்தை மிரட்டுவது. பரம்பரை ஏற்பாட்டில் கட்டப்பட்ட நிலத்துக்குத் தந்தை ஆயுள்கால உரிமையாளர் மட்டுமே. மூத்தவனிடமிருந்து அதை உயிலால் பறிக்க முடியாது. பறிக்கக்கூடியது தந்தையின் சொந்தப் பணமும் பங்குகளும்தான். எது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று வக்கீல் வாயால் ஒரு முறை சொல்ல வைத்துவிடுங்கள்.

கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் இறந்தால்?

1926 ஜனவரி 1 முதல், யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால் வயதில் மூத்தவர் முதலில் இறந்ததாகச் சட்டம் கொள்ளும். இளையவரின் வாரிசுகளுக்கு அதிர்ஷ்டம். மூத்தவர் கால் மணி நேரம் கூடுதலாக மூச்சுவிட்டதைப் பார்த்த ஒரே சாட்சி பெரும் சொத்துக்குத் திறவுகோல். அவர்தான் உங்கள் இரண்டாவது பிணம்.

கொலை செய்தவர் சொத்தை அடைய முடியுமா?

முடியாது. கணவனை விஷம் வைத்துக் கொன்றதாக ஒரு பெண் தண்டிக்கப்பட்ட மேப்ரிக் வழக்கின் காப்பீட்டுப் பணம் தொடர்பான 1892 தீர்ப்பு முதல் இது உறுதியான சட்டம். ஆகவே பணத்துக்காகக் கொல்கிறவருக்குத் தப்புவது மட்டும் போதாது. சாவு இயற்கையாகவோ விபத்தாகவோ தெரிய வேண்டும், இல்லையேல் வேறொருவர் தலையில் விழ வேண்டும். இங்கே ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது: பழி போட வேண்டியது எதிரி மேல் அல்ல, சக வாரிசின் மேல். அவருக்குத் தண்டனை கிடைத்தால் அவருடைய பங்கும் போய்விடும்.

இவ்வளவு பெரிய குடும்பத்துக்குப் பண நெருக்கடி எப்படி வரும்?

மரண வரியால். 1894-இல் எஸ்டேட் வரி வந்தபோது உச்ச வீதம் 8 சதவீதம். 1919-இல் 40, 1930-இல் 50. தந்தையும் மூத்த மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் நிலத்தை விற்றுத்தான் கட்டின.

1910 முதல், இறப்பதற்கு முன் மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்த தானமும் வரிக்குள் வரும். கிழவர் பங்குகளை மகளுக்கு எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டு பதினொரு மாதம் ஆகிறது என்று கொள்ளுங்கள். மகளுக்கு அவர் இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும், மகனுக்கு வேண்டாம். கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது அவர் இயற்கையாகவே இறந்துபோய், சாவை ஒருவர் அந்த நாலு நாளும் மறைத்தாலும் அது ஒரு குற்றக் கதைதான். ஒரு எச்சரிக்கை: தானம் கொடுத்த பிறகும் கொடுத்தவர் அதை அனுபவித்துக்கொண்டிருந்தால் விலக்குக் கிடைக்காது. மாளிகையைத் தானம் கொடுத்துவிட்டு அதிலேயே குடியிருக்கும் கிழவர் வரிக்குத் தப்பமாட்டார்.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். நிலம், நிலக்கரி, பஞ்சாலை, வங்கி, அல்லது காலனி நாடுகள். தமிழில் எழுதுகிறவருக்கு இலங்கை மலையகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1869-இல் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. 1880-களில் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்து, 1933-இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தமே போட வேண்டியதாயிற்று. தோட்டக் கம்பெனிப் பங்குகளில் வாழ்ந்த குடும்பத்துக்கு 1932 நல்ல கொலை ஆண்டு. அந்த வெள்ளித் தேநீர்க் கோப்பையில் யார் உழைப்பு இருந்தது என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். நாம் எழுதும்போது அதை விட்டுவிடக் கூடாது.

வீட்டில் எந்தெந்த இடங்கள் கட்டாயம் வேண்டும்?

நூலக அறை, படிப்பறை, வரவேற்பறை, சாப்பாட்டு அறை, பில்லியர்ட்ஸ் அறை, துப்பாக்கி அறை போதும். இவற்றை விட முக்கியம் இரண்டு: வேலையாட்களுக்கான பின்படிக்கட்டு, குடும்பப் பகுதியையும் வேலையாள் பகுதியையும் பிரிக்கும் பச்சைக் கம்பளித் துணி அடித்த கதவு. அந்தத் துணி சத்தத்தைத் தடுக்கும். சமையலறையில் இருந்தவருக்கு வெடிச்சத்தம் கேட்டது என்று எழுதினால், கதவு திறந்திருந்ததா என்ற கேள்வி எழும். எழட்டும், அதையே தடயமாக்குங்கள். பட்லர் அறைக்குப் பக்கத்துச் சுவரில் அழைப்பு மணிப் பலகை இருக்கும். எந்த அறையிலிருந்து மணி அடித்தது என்று அது காட்டும், யார் அடித்தார் என்று காட்டாது.

வேலையாட்கள் எத்தனை பேர்? எப்படி அழைத்துக்கொள்வார்கள்?

1914-க்கு முன் பெரிய மாளிகையில் பன்னிரண்டு பதினைந்து பேர் சாதாரணம். 1930-களில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கதைக்கு ஏழு பேர் போதும்: பட்லர், ஹவுஸ்கீப்பர் (பெண் ஊழியர்களின் தலைவி), சமையல்காரி, ஒரு ஃபுட்மேன் (பரிமாறும் ஆண் ஊழியர்), இரண்டு பணிப்பெண்கள், ஒரு கார் ஓட்டுநர்.

பட்லரைக் குடும்பத்தார் வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவார்கள். கீழ்நிலை ஊழியர்கள் முன்னால் ‘மிஸ்டர்’ சேர்ப்பார்கள். ஹவுஸ்கீப்பரும் சமையல்காரியும் மணமாகாதவர்களாக இருந்தாலும் ‘மிஸஸ்’தான். நம் எழுத்தாளர்கள் அடிக்கடி விடும் பிழை ‘சர் ஸ்மித்’. ஜான் ஸ்மித் என்பவர் ‘சர் ஜான்’. அவர் மனைவி ‘லேடி ஸ்மித்’.

விருந்தாளியோடு வரும் வேலையாளை, வேலையாட்கள் கூடத்தில் அவருடைய எஜமானின் பெயராலேயே அழைப்பது வழக்கம். ‘பத்து மணிக்குப் பின்படிக்கட்டில் மிஸ்டர் ராபின்சன் போனார்’ என்று ஒரு பணிப்பெண் சாட்சி சொல்கிறாள். காவல் அதிகாரி விருந்தாளி ராபின்சனைச் சந்தேகிக்கிறார். அவள் சொன்னது அவருடைய வேலட்டை, அதாவது அவரோடு வந்த தனி வேலையாளை. நேர்மையான, யாரும் பொய் சொல்லாத தடயம். இப்படிப்பட்டதுதான் இந்த வகையின் உயர்ந்த சரக்கு.

எந்த நேரத்தில் கொலை நடந்தால் பொருந்தும்?

பணிப்பெண்கள் காலை 6 மணிக்கு எழுந்து கணப்புகளைச் சுத்தம் செய்து மூட்டுவார்கள். பிணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். காலை உணவு 9, மதிய உணவு 1, தேநீர் 4.30 வாக்கில். 7.30-க்கு உடை மாற்ற மணி, 8-க்கு இரவு விருந்து. மிகச் சிறந்த இடைவெளி அந்த 7.30 முதல் 8 வரை. எல்லாரும் தனித்தனி அறையில், கதவு சாத்தி, யாருக்கும் சாட்சி இல்லாமல் இருப்பார்கள். வேலையாட்கள் அத்தனை பேரும் பரபரப்பாக இருப்பார்கள். ஆனால் சட்டைப் பொத்தான்கள் மாட்டி, கழுத்துப் பட்டி கட்டி முடிக்க ஆணுக்கே இருபது நிமிடம் ஆகும். கொலைக்குப் பத்து நிமிடம் எடுத்தவரின் உடையில் ஏதாவது ஒன்று கோணலாக இருந்தாக வேண்டும்.

விருந்து முடிந்து பெண்கள் எழுந்து போனபின் ஆண்கள் ஒயினோடு உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டாவது வாய்ப்பு. அப்போது பெண்களுக்கு ஆண்கள் சாட்சி இல்லை, ஆண்களுக்குப் பெண்கள் சாட்சி இல்லை.

துப்பாக்கியா, விஷமா?

வேட்டைத் துப்பாக்கிக்கு அக்காலத்தில் சான்றிதழ் தேவையில்லை. 1920 சட்டம் கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும்தான் சான்றிதழ் கேட்டது. போரிலிருந்து கொண்டுவந்த ரிவால்வரை ஒரு மேஜர் சான்றிதழ் இல்லாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்தால், அதைச் சொல்லத் தயங்குவதற்கு அதுவே காரணம். வேட்டை விபத்தாகக் காட்ட நினைத்தால் நாள்காட்டியைப் பாருங்கள்: ஃபெசன்ட் பறவைக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, பார்ட்ரிட்ஜுக்குச் செப்டம்பர் 1 முதல். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் இவற்றை வேட்டையாடச் சட்டப்படித் தடை.

விஷத்தில் ஆர்செனிக்தான் இந்த வகைக் கதையின் பழைய நண்பன். அறிகுறிகள் வயிற்றுப்போக்கு நோயைப் போலிருக்கும், உள்ளூர் மருத்துவர் ஏமாறுவார். 1851 முதல் வாங்குகிறவர் கடைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். விற்பவருக்கு அறிமுகமானவராகவும் இருக்க வேண்டும். சிறிய அளவுகளில் கரியோ அவுரியோ கலந்து நிறமேற்றித்தான் விற்க வேண்டும். பாலில் நீலம் தெரிந்தால் கதை முடிந்தது. 1836-இல் வந்த மார்ஷ் சோதனை மிகச் சிறு அளவையும் காட்டிவிடும். களைக்கொல்லி வைத்திருந்த ஹே ஊர் வக்கீல் ஆர்ம்ஸ்ட்ராங் 1922-இல் தூக்கிலிடப்பட்டது, மனைவியின் உடலை இறந்து பத்து மாதம் கழித்துத் தோண்டி எடுத்த பிறகு. ஸ்ட்ரிக்னின் மிகக் கசப்பு, வலிப்பு சீக்கிரம் வரும். இனிப்பான பாயசத்தில் கலந்து யாரும் கவனிக்கவில்லை என்று எழுதாதீர்கள்.

இறந்த நேரத்தை மருத்துவர் எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம்?

‘10.15-க்கு இறந்தார்’ என்று சொல்லும் மருத்துவரை எழுதாதீர்கள். இரண்டு மூன்று மணி நேர இடைவெளிதான் நியாயம். உடல் விறைப்பு தாடையில் 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் முழுமையாகி, ஒன்றரை நாளில் தளரத் தொடங்கும். உடல் மணிக்குச் சுமார் ஒன்றரை ஃபாரன்ஹீட் டிகிரி குளிரும். ஜனவரி இரவில் சன்னலைத் திறந்துவைத்தால் வேகமாகக் குளிர்ந்து, இறந்து அதிக நேரம் ஆனது போலத் தோன்றும். 12 மணிக்குக் கொன்றவர் 10 மணிக்குப் பில்லியர்ட்ஸ் ஆடியதற்கு நாலு சாட்சி வைத்திருப்பார். அவரைக் காட்டிக்கொடுக்க, விடியும் முன் சாத்திய சன்னலின் கீழே நனைந்த தரைவிரிப்பு போதும். உடலில் இரத்தம் தேங்கிய கறைகள் எட்டுப் பத்து மணி நேரத்துக்குப் பின் இடம் மாறாது. முகம் மேலாகக் கிடக்கும் பிணத்தின் மார்பில் கறை இருந்தால் பிறகு புரட்டியிருக்கிறார்கள்.

காவல்துறை எந்த வரிசையில் வரும்?

ஊர்க் கான்ஸ்டபிள், பிறகு சூப்பரின்டென்டன்ட், பிறகு மாவட்டக் காவல்துறையின் தலைவரான தலைமைக் கான்ஸ்டபிள். அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படை அதிகாரி, அதே குடும்பங்களோடு விருந்துண்பவர். ஸ்காட்லாந்து யார்டு தானாக வராது. அவர் கேட்க வேண்டும். கேட்கத் தயங்கும் மூன்று நாளில் தடயங்கள் கழுவப்படுகின்றன. அவசர அழைப்புக்கான 999 எண் 1937-இல், முதலில் லண்டனில் மட்டும் வந்தது. கிராமத்தில் தொலைபேசி இணைப்பகம் தபால் நிலையத்தில். யார் யாரைக் கூப்பிட்டார் என்று அங்கிருக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

கைரேகைப் பிரிவு யார்டில் 1901 முதல் உண்டு. 1905-இல் அதை வைத்துக் கொலைத் தண்டனையும் ஆயிற்று. ஆகவே 1930-இல் கையுறை இல்லாத கொலையாளிக்கு நல்ல காரணம் வேண்டும்: அந்த அறையில் அவர் ரேகை இருப்பது இயல்பு என்பதே சிறந்தது.

மரண விசாரணையை மறக்காதீர்கள். சத்திரத்திலோ பள்ளியிலோ, நடுவர் குழுவோடு நடக்கும்; 1926 சட்டப்படி அதில் 7 முதல் 11 பேர். அந்தக் குழு கொலையாளியின் பெயரையே சொல்லும் அதிகாரம் 1977 வரை இருந்தது. கதையின் நடுவில் தவறான ஆளை அவர்கள் பெயர் சொல்வது வலுவான திருப்பம்.

தடயத்தை எப்படி ஒளிப்பது?

பட்டியலின் நடுவில். மேசை மேல் இருந்த ஏழு பொருளைச் சொன்னால் நாலாவது பொருளில் வாசகர் கண் நிற்காது. இரண்டாவது வழி, தடயம் வந்த அடுத்த வரியில் ஒரு சண்டையோ கதவு தட்டலோ வைப்பது. மூன்றாவது, தடயத்தையும் அதன் பொருளையும் பிரிப்பது: உடை எண்ணிக்கை 3-ஆம் அத்தியாயத்தில், சலவைக்காரி வரும் நாள் 11-இல்.

சந்தேகத்துக்குரியவர்கள் ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் வாசகர் பெயர்களைக் குழப்பிக்கொள்வார். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு ஆங்கிலப் பெயர் வைக்காதீர்கள். தமிழில் படிக்கும்போது அது இரட்டிப்புத் தொல்லை. 40,000 சொல் நாவலில் பிணம் 6,000-க்குள் கிடைக்கட்டும், கொலையாளி அதற்கு முன்பே பேசியிருக்கட்டும்.

கடைசியில் எல்லாரையும் நூலக அறையில் கூட்டியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கூட்டினால் அதற்குள் ஒரு வேலை நடக்க வேண்டும். பெரும்பாலான கதைகளில் துப்பறிவாளர் அழகாக விளக்குகிறார், கொலையாளி உடனே ஒப்புக்கொள்கிறார். நல்ல வக்கீல் வைத்தால் அவர் விடுதலையாகிவிடுவார் என்பதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. விச்சரிடம் இருந்ததும் இதே குறைதான்: கணக்குச் சரி, கையில் துணி இல்லை. கூட்டத்துக்கு முன் ஒரு பொறி வையுங்கள். காணாமல்போன பொருள் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் எனத் துப்பறிவாளர் ஆறு பேரிடமும் ஆறு இடங்களைச் சொல்கிறார். இரவில் எந்த இடத்துக்கு ஆள் போகிறதோ அதுவே விடை. கூட்டம் அதன் பிறகு.

தண்டனை எப்படி இருக்கும்?

தூக்கு. தீர்ப்புக்கும் தூக்குக்கும் இடையே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடுவது மரபு. 1933 முதல் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மரண தண்டனை இல்லை. குற்றவாளி பிரபுப் பட்டம் உடையவரானால் 1948 வரை வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகாது. பிரபுக்கள் சபையே விசாரிக்கும். அப்படிக் கடைசியாக விசாரிக்கப்பட்டவர் 1935-இல் டி கிளிஃபர்ட் பிரபு, கார் விபத்தில் நேர்ந்த மரணத்துக்காக, விடுதலையானார். உங்கள் கொலையாளி பிரபுவின் இளைய மகன் என்றால் இந்தச் சலுகை கிடையாது, பெயருக்கு முன்னால் என்ன மரியாதைச் சொல் இருந்தாலும் சரி.